இடது பூட்ஸின் வெளி ஓரம்

மருந்துக் கம்பெனி வாசலில் பத்தொன்பது வருடமாகப் பை சோதிக்கிறவருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் மோப்பம். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான். சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டைத் தட்டிப் பார்ப்பார், வெயில் நாளில் வந்த குடையை விரித்துப் பார்ப்பார். பெற்ற மகள் காய்ச்சல் என்றால்கூட நெற்றியை இரண்டு தரம் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவார்.

அப்படிப்பட்ட மனுஷர் கண்ணில் ஒருநாள் அவருடைய கம்பெனி பூட்ஸே மாட்டியது. வலது கால் பூட்ஸ் ஒழுங்காகத் தேய்ந்திருந்தது. இடதில் அடிப்பக்கத்தின் வெளி ஓரம் மட்டும் மழுங்கியிருந்தது. விரல் மடங்குகிற இடத்தில் நேராக விழ வேண்டிய மடிப்பும் சுண்டுவிரல் பக்கமாகக் கோணிக்கொண்டு கிடந்தது. இது என் நடையே இல்லை என்று முடிவு கட்டினார். இடது கட்டைவிரல் சில மாதமாகக் குடைந்துகொண்டிருந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. எவனோ போட்டு நடந்து கெடுத்த பூட்ஸ் தன் காலையும் கெடுத்துவிட்டது.

எவனோ என்ன எவனோ! வேலை முடிந்ததும் பூட்ஸை அங்கேயே அலமாரியில் வைக்க வேண்டும். அலமாரிக்கு இரண்டு சாவி. இன்னொன்று அடுத்த ஷிப்டுக்கு வரும் மனைவியின் தம்பியிடம் இருந்தது. இவரே சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்ட ஆள். எவனாவது கால் விட்டால் தெரியட்டும் என்று மோப்பம் பூட்ஸுக்குள் ஒரு நூலை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் நூல் வைத்தது வைத்தபடியே இருந்தது. எடுத்துத் திருப்பி வைக்கிற அளவுக்குக் கைதேர்ந்தவன் என்று சந்தேகம் இன்னும் முற்றியது. புகார் எழுதி அதிகாரி மேசையில் வைத்துவிட்டார்.

மச்சினன் ஒப்புக்கொண்டான். ஆமாம், நான்தான் போட்டேன் என்றானாம். வாசல் வேலையிலிருந்து தூக்கி, பின்பக்கக் கிடங்கில் மூட்டை அடுக்கப் போட்டார்கள். மோப்பத்தின் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள். ஜெயித்தும் அவருக்கு மனசு ஒட்டவில்லை. இத்தனை வருடத்தில் பிடிபட்ட ஒருத்தனும் முதல் கேள்விக்கே ஒப்புக்கொண்டதில்லையே.

புது பூட்ஸ் வந்தது, வலி போகவில்லை. பழைய பூட்ஸைச் சாட்சிக்குத் தாளில் சுற்றிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனார். டாக்டரம்மா பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மேல்பக்கமாக மடக்கினார். அது மடங்கவில்லை. மோப்பத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இத வேற யாரும் போடல. இது உங்க நடைதான்."

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து அந்தம்மா விளக்கினார். பாதத்தில் முப்பதுக்கு மேல் மூட்டுகள் உண்டு. குதிகால் எழும்புகிறபோது உடம்பின் பாரமெல்லாம் முன்பாதத்துக்கு வர, கட்டைவிரல் அடிமூட்டில் மடங்கித்தான் தரையை உந்த வேண்டும். அங்கே எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு இவருக்குத் தேய்ந்துபோய், இடைவெளி மயிரிழையாகிவிட்டது. ஓரத்தில் புதிதாக முளைத்த எலும்பு, கதவுக்கு அடியில் வைத்த ஆப்பு மாதிரி விரலை மடங்கவிடாமல் தடுக்கிறது. வலிக்குப் பயந்து பாதம் வெளி ஓரத்தில் சாய்ந்து நடக்கப் பழகிவிட்டது. நடக்கிறவருக்கே இது தெரியாமல் போகலாம், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை அவரை நேராகக் கிடங்குக்கு இழுத்துப் போனது. மச்சினன் மூட்டைமேல் உட்கார்ந்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தான். செய்யாததை ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டார்.

"ஆறு மாசமா நீங்க சாஞ்சு நடக்கறத பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மாமா. நான் போடலன்னு சொன்னா, அப்புறம் எப்படி தேஞ்சுதுன்னு உங்க காலத்தான் பாத்திருப்பாங்க. கால் சரியில்லாதவங்கள வாசல்ல நிறுத்த மாட்டாங்க. அந்த வாசல விட்டா உங்களுக்கு வேற என்ன இருக்கு?"

பாழாய்ப்போன புத்தி, அப்போதும் சந்தேகப்பட்டது. இதில் இவனுக்கு என்ன ஆதாயம்? பையைத் துழாவுகிற மாதிரி அந்த முகத்தைத் துழாவினார். உள்ளே எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. தலை நிமிரவே முடியவில்லை.

அன்றே அதிகாரி அறைக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார்.

"அவனே ஒத்துக்கிட்டான். இப்ப நீங்க இல்லைங்கறீங்க. எத வச்சு நம்பறது?"

நியாயமான கேள்விதான். அவரே அந்த நாற்காலியில் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார். மோப்பம் குனிந்து இடது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். காலுறையையும் கழற்றிவிட்டு, பாதத்தைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்தார்.

"தொட்டுப் பாருங்க சார். மடங்காது."