ஒன்பது மாத்திரை, ஏழு வீடு

அந்த மாத்திரை அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பத்துக் குழி. ஒன்று காலி, ஒன்பதில் மாத்திரை அப்படியே இருக்கிறது. மூன்று வருடமாகிறது, காலாவதித் தேதியும் கடந்துவிட்டது. தூக்கி எறியச் சொல்லி என் மனைவி இதுவரை நான்கு முறை சொல்லிவிட்டாள். எறிய மாட்டேன்.

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. மாடிப்படி, பேருந்தில் ஏறுகிறவர்கள், தட்டில் விழும் இட்லி, எல்லாவற்றையும் எண்ணிவிடுவேன்.

ஒரே மகளைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் மாமனார் கீழவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். இங்கே அவரைச் சம்பந்தி என்றே எழுதுகிறேன். வேறு சொற்களும் என்னிடம் உண்டு.

மருமகன் மஸ்கட்டில் இருந்தான். மகளுக்கு ஆறாம் மாதம் முடியும் சமயம். பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாமென்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவளை ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். அதுவரை பேசிக்கொண்டே பார்த்த மருத்துவர் அம்மா சட்டென்று பேச்சை நிறுத்தினார். பெட்டியிலிருந்து வந்த சத்தம் தையல் இயந்திரம் ஓடுவதுபோல இருந்தது. எண்ணிப் பார்த்தேன், வாய்க்கு எட்டவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, துடிப்புக்கு ஒரு புள்ளியாகப் பத்து விநாடி வைத்தேன். பிறகு புள்ளிகளை எண்ணினேன். முப்பத்தொன்பது. நிமிடத்துக்கு இருநூற்று முப்பத்து நான்கு.

திரையில் இருநூற்று முப்பத்தாறு என்று இருந்தது. மருத்துவர் என் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நூத்தி அறுபதுக்குள்ள இருக்கணும் சார். இதயத்துல கரண்டு ஒரே எடத்துல சுத்திச் சுத்தி வருது. இப்பவே சுத்தி லேசா நீர் கோர்த்திருக்கு. விட்டா இதயம் களைச்சுப் போயிடும்."

"வயித்துக்குள்ள இருக்கற புள்ளைக்கு எப்படிங்க வைத்தியம்?"

"மாத்திரையை இவங்க சாப்பிடணும். நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகும். நோயாளி உள்ள இருக்கு, வாய் மட்டும்தான் இவங்களோடது."

அது இதய நோயாளிகள் சாப்பிடும் மாத்திரை. அதனால் மகளை மருத்துவமனையில் ஆறு நாள் படுக்க வைத்து, தினமும் அவளுக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலை பத்து விநாடிக்கு இருபத்து நான்கு புள்ளிதான் விழுந்தது. இரண்டு முறை சரிபார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று சம்பந்தி தொலைபேசியில் கேட்டார். "என்னா சம்மந்தி, ஆறு நாளா ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க?"

"ஒண்ணுமில்ல, புள்ளை எடை கம்மியா இருக்காம். சத்து மாத்திரை குடுத்திருக்காங்க."

அப்படித்தான் சொன்னேன். வயிற்றுப் பிள்ளைக்குக் குறை என்றால் அந்தக் குறையைப் பெண்ணின் தலையில்தான் ஏற்றுவார்கள். பெண்ணைக் கொடுத்தவன் எவனும் என் இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பான். மகளையும் அப்படியே சொல்ல வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துச் சிதம்பரம் போனாள். அங்கே சம்பந்தியின் மச்சான் வந்திருக்கிறான். குமராட்சியில் மருந்துக்கடை வைத்திருப்பவன். அலமாரியில் இருந்த அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஹார்ட்டு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாச்சே" என்றானாம். சம்பந்தி என்னைக் கேட்கவில்லை, மகளைக் கேட்கவில்லை. அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அவளிடம், "டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேம்மா, மூணு நாளைக்கு நிறுத்திப் பாக்கச் சொன்னாங்க" என்றிருக்கிறார். அவர் யாருக்கும் போன் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு பேச்சோடு பேச்சாக மகள் இதைச் சொன்னாள். நான் மருத்துவரைக் கூப்பிட்டேன். "நான் சொல்லவே இல்லையே" என்றார். வாடகைக் காரில் போய் மகளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தேன். திங்கள் காலை முப்பத்தெட்டுப் புள்ளி. திரையில் இதயத்தைச் சுற்றிய நீரின் கோடு முன்னைவிடத் தடித்திருந்தது. "பிழைக்குமா?" என்று கேட்டேன். "பாப்போம் சார்" என்றார் மருத்துவர். என் வாழ்நாளில் நான் கேட்டதிலேயே மோசமான இரண்டு சொற்கள்.

இந்த முறை அடங்க ஒன்பது நாள் பிடித்தது. நான்காம் நாள் பண்ருட்டியிலிருந்து என் மனைவியின் சித்தி மகள் கூப்பிட்டாள். "பொண்ணுக்கு ஹார்ட்டுல ஓட்டையாமே? மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீங்கன்னு அவுங்க பேசிக்கிறாங்களே!" யார் யாரிடம் சொன்னார் என்று விசாரித்துப் பட்டியல் போட்டேன். சிதம்பரத்தில் நாலு வீடு, பண்ருட்டியில் இரண்டு, குமராட்சியில் ஒன்று. ஏழு.

மருத்துவமனை வராந்தாவில் மீதி ஐந்து நாளும் சம்பந்தியை என்ன செய்யலாம் என்பதைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை. அது எனக்குச் சோறும் தூக்கமுமாக இருந்தது.

ஒன்பதாம் மாதம் எங்கள் வீட்டில் வளைகாப்பு. நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். சம்பந்திக்கு வெற்றிலைத் தட்டை நானே நீட்டினேன். வெற்றிலைக்கு மேலே, பாக்குக்குப் பக்கத்தில் அந்த அட்டை.

"என்னா சம்மந்தி இது?"

"எண்ணுங்க."

உதடு அசைந்தது. "ஒம்போது."

"வெள்ளி மூணு, சனி மூணு, ஞாயிறு மூணு. பொறக்கறதுக்கு முன்னாடியே பேரப்புள்ளைக்கு நீங்க செஞ்ச சீரு."

நாற்பத்து மூன்று தலையும் எங்கள் பக்கம் திரும்பின. அதற்காகத்தான் ஆறு வாரம் காத்திருந்தேன். ஆனால் அவர் தலை குனியவில்லை.

"போன் போட்டேன்னு நான் பொய்தான் சொன்னேன். ஊரெல்லாம் பேசுனதும் தப்புதான். ஹார்ட்டு மாத்திரை வயித்துப் புள்ளைக்கு ஆகாதேன்னு பயந்துதான் நிறுத்துனேன். ஆனா சத்து மாத்திரைன்னு சொன்னது யாரு சம்மந்தி? நானா? புள்ளைக்குத்தான் ஒடம்புக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே தண்ணியும் கையுமா நின்னு முழுங்க வெச்சிருப்பேனே."

இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், வலது கையில் இருபத்தொரு வளையல், இடது கையில் இருபது. "அப்பா, தட்டக் கீழ வைங்க. மாமா, நீங்க சொன்ன ஏழு வீட்டுக்கும் போயி, எனக்கு ஒண்ணுமில்ல, மாத்திரை புள்ளைக்குன்னு சொல்லிட்டு வாங்க. அப்பாவும் கூட வரட்டும். சத்து மாத்திரைன்னு சொன்னத அவரு சொல்லட்டும். ரெண்டு பேரும் முடிச்சாத்தான் ஆஸ்பத்திரிக்கு வரலாம்."

போனோம். சம்பந்தியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சிதம்பரத்தில் நாலு வீடு. அவர் இருபதுக்கு மேல் ஓட்டவே இல்லை. மூன்றாவது வீட்டில் முணுமுணுத்தார். "சத்தமா சொல்லுங்க சம்மந்தி, பெரியம்மாவுக்குக் காது மந்தம்" என்றேன். திரும்பச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. பிறகு என் பங்கை எட்டே சொல்லில் முடித்துக்கொண்டேன். பண்ருட்டிக்குப் பேருந்தில், தனித்தனி இருக்கையில் போனோம்.

ஏழாவது, குமராட்சி மருந்துக்கடை. வாசலில் நாலு பேர் மருந்துக்கு நின்றிருந்தார்கள். சம்பந்தி விஷயத்தைச் சொன்னதும் மச்சான் சிரித்துவிட்டான். "பொறக்காத புள்ளைக்கு மாத்திரையா மாமா? அடுத்து என்னா, பொறக்காத புள்ளைக்குப் பள்ளிக்கூடமா?"

"சிரிக்காதடா மச்சான்! அட்டையப் பாத்துச் சொன்னியே, யாருக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா? ஒம் பேச்சக் கேட்டு ஒரு உசுரக் கொல்லப் பாத்தேன்டா."

அவன் முகம் சுருங்கியது. நாலு பேரும் அவனையே பார்த்தார்கள். இப்போது என் முறை. நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டால், "அப்ப மறைச்சது நீங்கதானே" என்று அவனுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். அந்தச் சுருங்கிய முகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. படியிறங்கிவிட்டேன்.

"சம்மந்தி, உங்க பங்கு?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சம்பந்தி தெருவென்றும் பாராமல் சிரித்தார். "உங்களுக்கு ஆறுதான். வெளிய சொல்லல, போங்க."

சொல்லவும் இல்லை. பிரசவத்தன்று இருவருமே மருத்துவமனையில் நின்றோம். பேத்தி பிறந்தாள். பத்து விநாடிக்கு இருபத்து மூன்று புள்ளி. ஒரு வயது வரை மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். இப்போது மூன்று வயது. ஓடுகிறவளைப் பிடித்து நிறுத்தி நான் நாடி பார்ப்பதுண்டு. சம்பந்தியும் பார்க்கிறார், உதட்டை அசைத்து, தப்பாக.

கடலூர் வரும்போதெல்லாம் காபியைக் குடித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரம் ஒற்றை விரலைக் காட்டுவார். "எப்ப போறோம் சம்மந்தி, குமராட்சிக்கு?"

நான் இழுப்பறையைத் திறந்து அட்டையைக் காட்டுவேன். அவர் நிறுத்தியது ஒன்பது மாத்திரை, நான் விட்டது ஒரு வீடு. கழித்தால் இன்னும் எட்டு இருக்கிறது.