கை காய்கிற நேரம்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு எதிரே உட்கார்ந்து தோலுக்குப் பசை தடவுவார் அந்த அக்கா. ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குத்தி. பசை பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருக்கும்.

கலவை என்ற ஊரிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஏரிக் களிமண் எடுத்து வந்து தயிர் டப்பாவில் வைத்துக்கொள்வார். மதியம் சாப்பிட்டதும் அதைக் குழைத்து மணிக்கட்டு வரை பூசி, கைகளை மடியில் மல்லாத்திப் போட்டு வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

எனக்கும் கையில் அரிப்பு வந்தபோது பூசிவிட்டார்.

“இதுல அரிப்பு போவுமாக்கா?”

“கம்மியாவும். காயற வரைக்கும் கைய அசைக்காத.”

அதற்குள் சூப்பர்வைசர் வந்து, பெட்டிகளை இறக்க எங்களைக் கூப்பிட்டார். நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை.

“மண்ணு இன்னும் காயல சார்” என்று இரண்டு கைகளையும் காட்டினார். சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

“ஒக்காரும்மா. வீட்ல அடுப்பு, இங்க பசை. இந்தக் கைக்கு இப்பதான் வேல இல்ல.”

அந்த வேலையை விட்டு வெகுகாலமாகிவிட்டது. அரிப்பும் போய்விட்டது. ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் முல்தானி மட்டி வாங்கிக் குழைத்துக் கையில் பூசிக்கொண்டு வாசலில் உட்காருகிறேன். காய்வதற்குள் உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுகிறார்கள். ஈர மண்ணோடு எழுந்து போய்விடுகிறேன்.

அந்த அக்கா எப்படித்தான் எழாமல் உட்கார்ந்திருந்தாரோ.