எஸ்தர் அக்காவின் கொடி

வார்னிஷ் அடித்த பிளைவுட்டின் வாசனை, முகத்துக்கு நேரே நாள் முழுக்க இருந்தால் நாக்கிலும் ஏறிவிடும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில் இயங்கிய கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் நான் படித்த காலம் முழுவதும் எனக்கு அந்த வாசனைதான். வகுப்பறைகள் கிடையாது. நீளமான ஒரே கூடம், சுவரைப் பார்த்த மேசைகள், மேசைக்கு மேசை உயரமான பலகைத் தடுப்பு. நாங்கள் அதை "பொட்டி" என்போம். தடுப்பின் உச்சியில் ஒரு துளை, அதில் செருக ஒரு சிறிய சிவப்புக் கொடி. சந்தேகம் வந்தால் கொடியைச் செருகிவிட்டு, தலையைத் திருப்பாமல் காத்திருக்க வேண்டும்.

என்னையும் எஸ்தர் அக்காவையும் அப்பா கிள்ளானிலிருந்து ரயிலில் அழைத்து வருவார். நிலையத்தில் அரசாங்கப் பள்ளிப் பையன்கள், "டேய், கொடி ஸ்கூல் வந்துருச்சு லா, சல்யூட் அடி" என்பார்கள். அக்கா நின்று திருப்பி ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் நகர்வாள்.

பள்ளியின் கல்வித் தத்துவத்தை இன்றும் என்னால் தடுமாறாமல் சொல்ல முடியும். காலை வழிபாட்டில் பிரின்சிபால் அங்கிள் அதைச் சொல்லாத வாரமே இல்லை. அறிவெல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வருகிறது, ஆகவே வேதத்துக்கும் கணிதத்துக்கும் நடுவே சுவர் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தேவசாயலில் தனித்தனியாகப் படைக்கப்பட்டது, ஆகவே யாரையும் யாரோடும் ஒப்பிடாமல் அவரவர் வேகத்தில் படிக்க விட வேண்டும். இந்தச் சொற்களில் எனக்கு இப்போதும் குறை தெரியவில்லை. நோவாவின் பேழையை வைத்துத்தான் கன அளவு கற்றேன், இன்றுவரை மறக்கவில்லை. நான் இன்றும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன்.

என் கோபம் வேறு. சுவர் இல்லை என்றவர்கள் எங்கள் முகத்துக்கு முன்னால் பலகை அடித்தார்கள். பிள்ளைக்குப் பிள்ளை வேறு என்றவர்கள், எல்லோருக்கும் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரே பயிற்சி நூல்களைத் தந்தார்கள். அந்த நூல்களில் பிள்ளைகள் வெண்பனியை மிதித்துப் பள்ளிக்குப் போனார்கள். இந்த நாட்டின் தேசிய மொழியான மலாய் பெயருக்கு இருந்தது, நாட்டின் வரலாறு பெயருக்கும் இல்லை. ஐந்தாம் படிவ முடிவில், பதினேழு வயதில் எழுதும் எஸ்.பி.எம். அரசாங்கத் தேர்வில் மலாய் தேறாதவருக்கு இந்த நாட்டில் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாதவரை அரசாங்கத் தாதியர் கல்லூரி எடுக்காது. இது தெரியாத பெரியவர் ஒருவர்கூட அந்தக் கூடத்தில் இல்லை. அக்காவுக்குத் தாதியாக வேண்டும் என்பதும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாலிபர் கூட்டத்தில் அதற்காகக் கைவைத்து ஜெபித்திருக்கிறார்கள்.

அக்கா ஐந்தாம் படிவ வயதை எட்டிய ஆண்டில் ஒரு காலை கொடி ஏற்றினாள். சூப்பர்வைசர் வந்தார். ஆசிரியர் என்ற சொல் அங்கே கிடையாது. கற்பிப்பவர் தேவன், பெரியவர்கள் மேற்பார்வை பார்ப்பவர்கள் மட்டுமே என்பதும் தத்துவத்தில் அடக்கம்.

"எந்தப் பக்கம்மா?"

"பக்கம் இல்ல அங்கிள். எஸ்.பி.எம். எப்ப எழுதுறோம்?"

"அது புக்குல இருக்கா?"

"இல்ல."

"புக்குல இல்லாததுக்குக் கொடி எதுக்கு?"

கொடியைப் பிடுங்கி மேசையில் படுக்க வைத்துவிட்டுப் போனார். அக்கா மறுபடி செருகினாள், அவர் மறுபடி பிடுங்கினார். அதற்குப் பிறகும் செருகினாள். அப்புறம் அவர் வரவே இல்லை. பக்கத்துப் பொட்டியிலிருந்து எனக்குக் கொடியின் நுனி மட்டும் தெரிந்தது. பள்ளி விடும்வரை அது ஏர்கோன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நாங்கள் வீடு சேர்வதற்குள் "கலக ஆவி" என்ற புகார் தொலைபேசியில் வந்து சேர்ந்திருந்தது. அப்பா சாப்பாட்டு மேசையில் கேட்டார்: "உலகத்துப் பரீட்சையில பாஸ் பண்ணி யாரு பரலோகம் போனா?"

"பரலோகம் போறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகணும்பா."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. தேர்வுக்குப் பதியும் காலம் அப்படியே கடந்துபோனது.

பொன்னிற எழுத்தில் பள்ளி தந்த சான்றிதழைத் தாதியர் கல்லூரியில் யாரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். தாதிகள் மாட்டும் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஷிப்ட் பார்த்துக்கொண்டே படித்து, சில ஆண்டுகள் கழித்துத் தனியாக எஸ்.பி.எம். எழுதித் தேறினாள். அதற்குள் அப்பா படுக்கையில் விழுந்திருந்தார், அவரை விட்டுவிட்டுக் கல்லூரி விடுதிக்குப் போக அக்காவால் முடியவில்லை. அப்பாவுக்கு ஊசி போட வந்த தாதி அக்காவைவிட இளையவள். ஊசி ஏறும்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அந்த மூன்றாவது மாடி இப்போது உடற்பயிற்சிக் கூடம். பள்ளி அம்பாங்குக்கு இடம் மாறிவிட்டது. புதிய பள்ளியைப் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று சபையில் அறிவிப்பு வந்ததும் அக்கா, "வாடா, பாத்துட்டு வரலாம்" என்றாள். அவள் மகள் அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் முதலாம் படிவம் போகிறாள். சென்ற சனிக்கிழமை போனோம். பலகைகள் இல்லை, வார்னிஷ் வாசனை இல்லை. பயிற்சி நூல் கணினித் திரைக்குள் போயிருந்தது. கொடியும் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தானாகச் சுருங்கியிருந்தது. ஊற்று, தேவசாயல், அவரவர் வேகம் எல்லாம் சுவரில் பெரிய எழுத்தில் அப்படியே இருந்தன.

கேள்வி நேரத்தில் அக்கா கை தூக்கினாள். "எஸ்.பி.எம். உண்டா, பாஸ்டர்?"

"அத பிறகு தனியா பேசலாம், சிஸ்டர்" என்றார் புதிய பிரின்சிபால். மைக் அடுத்த வரிசைக்கு நகர்ந்தது.

அக்கா கையை இறக்கவில்லை. இந்த முறை நடுவில் பலகை இல்லாததால், கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது.