நாலு கம்பும் ஒரு நாடாவும்

கடற்கரையில் டிராக்டர் ஓட்டும் அந்த மனிதருக்குச் சீப்புக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. டிராக்டருக்குப் பின்னால் பெரிய சீப்பு மாதிரி ஒரு கருவி. பொழுது விடிந்ததும் மணலை வாரி, உல்லாசமாக வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன பாட்டில், பை, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் அள்ளிவிடுவார். கூடவே கடற்பாசியும் போகும், பாசிக்குள் இருக்கும் பூச்சியும் போகும். அவர் தலையிலோ சீப்புக்கு வேலையே இல்லை.

மனைவி போன பிறகு, கரையோரப் பொதுக் கழிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறைதான் வீடு. ஒரு கட்டில், ஒரு டம்ளர், உப்புப் படிந்த ஜன்னல். வெளியூரில் இருக்கும் மகள் எப்போதாவது கூப்பிடுவாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேம்மா."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது.

ஒரு நாள் டிராக்டருக்கு முன்னால் ஓர் உப்புக்கொத்தி, கையளவுப் பறவை, இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு நொண்டி, அவரை வேறு பக்கம் திருப்பப் பார்த்தது. இறங்கிப் பார்த்தால், சின்னக் குழியில் மணல் நிறத்திலேயே மூன்று முட்டை. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். வண்டியை மெல்லப் பின்னால் எடுத்தார். அன்றிலிருந்து அந்த இடத்தை விட்டு ஒதுங்கி ஓட்டினார். பறவை இரை பொறுக்கட்டும் என்று அங்கிருந்த பாசியையும் விட்டுவைத்தார்.

மகளிடம் சொன்னதுதான் தாமதம், அவள் தினமும் கூப்பிட ஆரம்பித்தாள்.

"அடை காக்குதாப்பா?"

"தண்ணியில வயித்த நனைச்சுக்கிட்டு வந்து உக்காருதும்மா. முட்டை சூடாயிடக் கூடாதாம்."

"அம்மா இருந்தா நீங்க கதை விடுறீங்கன்னு சொல்லியிருப்பாங்க."

அவள் சிரித்தாள். அதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. சாயங்காலமானால் போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

விடுமுறை வந்தது. பந்து, நாய், குடை என்று கரை நிரம்பி வழிந்தது. யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்று மனிதர் முட்டையைச் சுற்றி நாலு கம்பு நட்டு மஞ்சள் நாடா கட்டினார். அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. வண்டி ஓட்டுகிறவனுக்கு நாடா என்றால் ஒதுங்கிப் போ. பொழுது போக்க வந்தவனுக்கோ, என்னமோ இருக்கிறது, வந்து பார். ஒருவர் எட்டிப் பார்த்தார், ஒரு கூட்டமே கூடிவிட்டது. எல்லார் கையிலும் போன்.

"தள்ளி நில்லுங்க, அது வந்து உக்காரணும்" என்று கெஞ்சினார்.

"நாங்க எதையும் தொடலையே பெரியவரே" என்றார்கள்.

தொடவில்லைதான். தாய்ப்பறவை தூரத்தில் கத்திக்கொண்டு அங்கும் இங்கும் ஓடியது. நடு வெயிலில் நிழலும் ஈரமும் இல்லாமல் முட்டைகள் கிடந்தன.

மறுநாள் காலையில் பறவையைக் காணோம். தொட்டுப் பார்த்தார். மூன்றும் சில்லிட்டிருந்தன. கம்புகளை அவரே பிடுங்கினார். வழக்கம்போல மணலை வாரினார், இந்த முறை எங்கும் ஒதுங்காமல்.

"இன்னிக்குத்தான் கரை முழுசா சுத்தமா இருக்கு" என்றார் மேற்பார்வையாளர்.

சாயங்காலம் போன் அடித்தது. கொஞ்ச நேரம் அடிக்கவிட்டுத்தான் எடுத்தார்.

"பொரிச்சிருச்சாப்பா?"

"பொரிச்சிருச்சும்மா. மூணும்."

"நெசமாவா? எப்படி இருக்கு?"

"ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, ஓடிக்கிட்டே இருக்கு. நாளைக்குக் கூப்பிடும்மா, சொல்றேன்."