கூடத்துக்கு மாறிய ஓடுகள்

சென்ற மாதம் எங்கள் தெருவுக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பழைய வீடுகளின் கூரையைப் பழுதுபார்க்க அரசு உதவித்தொகை தருகிறது. எந்தெந்த வீட்டுக்கு அது தேவை என்று கைப்பேசியில் படமெடுத்துப் பதிவு செய்வது அவர் வேலை. எதிர்வீட்டு வாசலில் நின்று, "கூரை ஒழுகுதாம்மா?" என்று கேட்டார். அன்று அந்த வீட்டில் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண்மணி ஒரு முறை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், நல்லாதான் கீது" என்றாள்.

பிறர் வீட்டுக் காரியத்தில் நான் தலையிடுவதில்லை. உத்திரமேரூரில் எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி அதனால் வந்தது. ஆயினும் அன்று தெருமுனை வரை நடந்து சென்று அந்த இளைஞரை நிறுத்தி, "அந்த வீட்டில் மூன்று இடங்களில் ஒழுகுகிறது, எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். மறுநாள் அவர் மீண்டும் வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போனார். சொன்னது யார் என்று தெரிந்தபின் எதிர்வீட்டுப் பெண்மணி என்னோடு பேசுவதில்லை. நேரில் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். ஆகவே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருப்புலிவனத்துக்கு அருகே எங்கள் வீடு. நாட்டு ஓடு வேய்ந்த பெரிய வீடு. வரப்புத் தகராறு எதுவானாலும் சாட்சி சொல்ல என் தகப்பனாரைத்தான் அழைப்பார்கள். அவர் சொன்னால் இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும். "நம்ம வூட்ல பொய் பேசறவங்க கிடையாது" என்பதை எனக்கு அவர் பாடம்போலச் சொல்லிக்கொடுத்திருந்தார். தாயார் சொல்லிக்கொடுத்த பாடம் வேறு. வீட்டுக்குள் நடப்பதை வெளியார் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டையும் நான் ஒரே பாடமாகவே எண்ணியிருந்தேன்.

முந்தைய கார்த்திகையில் அடித்த புயலில் எங்கள் கூரை சிதைந்தது. எஞ்சியிருந்ததைக் குரங்குகள் கவனித்துக்கொண்டன. அந்த ஆண்டு விளைச்சலும் பொய்த்துவிட்டதால் கூரையைப் பிரித்து மேய வழியில்லை. அந்த நிலையில்தான் என் தமக்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளைக் கொண்டுவந்து விட்டபோதே அவள் மாமியார் எங்கள் வீட்டு உள்ளறையில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, படுத்துக்கினே நட்சத்திரம் எண்ணலாம் போலகீதே! ஐப்பசி மழைக்குள்ள கூரைய சரி பண்ணிடுங்க, பொண்ணு இங்கயே இருக்கட்டும். இல்லன்னா நாங்க இட்டுக்கினு போயி பாத்துக்கறோம்."

முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறாத பெண்ணை ஊர் எப்படிப் பேசும், மாமியார் வீடு எப்படிப் பேசும் என்பதை இங்கே நான் விளக்க வேண்டியதில்லை. புயலில் சிதைந்த கூரைக்கு அரசாங்கம் உதவித்தொகை தரும் என்று தண்டோரா போட்டபோது, யாரிடமும் எதையும் கேட்டறியாத என் தகப்பனார் மனு எழுத உட்கார்ந்தார். இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

புரட்டாசியில் ஒரு நாள், மறுநாள் காலை தாலுகா அலுவலகத்திலிருந்து அதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. தாயார் உடனே வேலையில் இறங்கினார். வாசல் மெழுகப்பட்டது. ஒழுகும் இடங்களில் வைத்திருந்த அண்டாவும் குடமும் மாட்டுக்கொட்டகைக்குப் போயின. சுவரில் வழிந்திருந்த மழைக்கறையின்மேல் சுண்ணாம்பு ஏறியது. பிறகு, தாய்மாமனைக் கூரைமேல் ஏறச் சொன்னார்.

"உள்ரூமு மேல கீற நல்ல ஓட்டெல்லாம் எடுத்தாந்து கூடத்து மேல போடுறா."

மாமா ஏணியில் பாதியில் நின்றுவிட்டார். "யக்கா, அந்தாளு ஓட்டக் கூரைய பாக்கத்தான் வராரு. நீ இன்னாடான்னா மூடச் சொல்ற!"

"வந்து ஒக்கார்ற எடம்டா அது. ஆபீசரு தலமேல மண்ணு கொட்டினா நல்லாவா இருக்கும்? ஓட்டைய பாக்கறதுக்குத்தான் உள்ரூமு கீதே, அங்க போயி பாக்கட்டும்."

"நல்ல ஞாயம். கல்யாண ஊட்ல மாப்பிளய மறைச்சு வெச்ச மாதிரி."

"வாய மூடிக்கினு ஏறுடா."

மாமா ஏறினார். மாலைக்குள் கூடத்துக் கூரை எங்கள் பாட்டன் காலத்தில்கூட இருந்திராத அழகோடு விளங்கியது. உள்ளறையில் மேகம் நகர்வது தெரிந்தது.

அதிகாரி கணக்குப்பிள்ளையோடு வந்தார். கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து நிமிர்ந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார். கணக்குப்பிள்ளையையும் பார்த்தார். தாயார் சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தார். மாமா கலர் சோடா வாங்கக் கடைக்கு ஓடியிருந்தார். தகப்பனார் எழுந்து, "உள்ரூம வந்து பாருங்க சார்" என்றார்.

அதிகாரியும் எழுந்தார். கதவருகே என் தமக்கை வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வேணாங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு படுத்து எழுந்துக்கற ரூமு. நான் நுழையறது மொறையில்ல." மரியாதை தெரிந்த மனிதர். அவர் சற்று முரடராக இருந்திருக்கலாம் என்று நான் பின்னாளில் பலமுறை நினைத்ததுண்டு.

பிறகு தூண் அருகே நின்ற என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, நீ சொல்லு. உள்ள ஒழுகுதா?"

கேட்பவர் வெளியார். எனக்கு ஐயமே எழவில்லை. பள்ளியில் பாடம் ஒப்பிக்கும் குரலில், "எங்க வூடு ஒழுகாது சார்" என்றேன்.

கணக்குப்பிள்ளை இருமினார். அதிகாரி சிரித்துக்கொண்டே தகப்பனாரிடம் திரும்பினார். "இன்னாங்க, நீங்க ஒழுகுதுன்னு எழுதிக் குடுத்துக்கிறீங்க. பாப்பா இல்லன்னுது. யாரு சொல்றது நெசம்?"

"கொழந்த, தெரியாம சொல்லிடுச்சு" என்று தகப்பனார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் எங்கள் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். கதவருகே நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க வூட்டுப் பொண்ணு பொய் பேசாதுங்க. புயலடிச்ச சமயத்துல எழுதினது. அடிச்சுடுங்க" என்றார்.

அதிகாரி கோடு போட்டார். "ஊரே ஒழுகுதுன்னு நிக்குது. ஒரு வூட்லதான் இல்லன்னு சொல்லிக்கிறீங்க" என்று மெச்சினார். தாயார் காப்பியோடு வந்தபோது அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

அன்று என்னை யாரும் கடிந்துகொள்ளவில்லை. மாமா வாங்கி வந்த கலர் எனக்கே கிடைத்தது. ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் உள்ளறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அக்காவின் மாமியார் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளை அங்கேதான் பிறந்தது. அக்காவுக்கு எழுபது வயதானபோதும் அந்த வீட்டில் ஏதாவது பேச்சு முற்றினால், "தாய் வூட்ல கூரை இல்லாம இங்க வந்து பெத்தவதானே" என்று சொல்ல ஒருவர் இருந்தார். இதற்கு நான்தான் காரணம் என்று ஒரு நாளும் அக்கா சொன்னதில்லை.

கல்லூரியில் படித்த காலத்தில் இந்தச் சம்பவத்தை எங்கள் குடும்பத்தின் வாய்மைக்குச் சான்றாகத் தோழியரிடம் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். அன்று எங்கள் வீட்டில் பொய் சொன்னவர்கள் இருவர் என்பதும், இரண்டாமவர் எதற்காகச் சொன்னார் என்பதும் அப்போதும்கூட எனக்கு உறைக்கவில்லை.

சொல்லும்போது ஒன்றை மட்டும் நான் விட்டுவிடுவது வழக்கம். அது முக்கியமாகத் தோன்றியதில்லை. தகப்பனார் பார்த்தபோது அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு, சரி என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள். நான் சொன்ன பதிலை அவள் மெச்சுகிறாள் என்று எண்ணி, நானும் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன்.