நாலு பேருக்குச் சொன்ன மேசை

தாயில்பட்டி மாரிசெல்விக்குச் சரவெடி பின்னுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாகத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பின்னியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. புருஷன் சங்கிலிமுத்து எட்டு வருஷத்துக்கு முன்னால் மருந்து கலக்கும் அறையில் நடந்த வெடிவிபத்தில் செத்துப்போனார். ஒரே மகள் ரோஜா. மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறாள்.

அங்கேயே வேலை பார்க்கும் முனியராஜை அவள் விரும்பினாள். போன வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு அம்மாமாரும் பார்த்துப் பேசுவதென்று ஏற்பாடானது. வீட்டுக்கு வந்துபோனால் ஊர் பேசும் என்று முனியராஜ்தான் மதுரையில் ஒரு ஓட்டலைச் சொன்னான்.

இரண்டு பஸ் மாறி மாட்டுத்தாவணியில் இறங்கும்போது மாரிசெல்வியின் சேலை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ஓட்டலுக்குள் ஏசி. நாலு பேர் மேசையில் உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். முழித்தபோது மணி ரெண்டரை. பக்கத்தில் ரோஜா. எதிரில் இரண்டு நாற்காலியும் காலி.

"இன்னும் வரலையாட்டி?"

"வந்துக்கிட்டு இருக்காகளாம்மா."

மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவோம் என்று சப்ளையர் வந்து சொன்னார். வேறு வழியில்லாமல் ரோஜா ஆர்டர் கொடுத்தாள். மூங்கில் கூடைகள் வந்தன. மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது.

"கொழுக்கட்டையா?"

"டிம்சம். உள்ளே கோழிக்கறிம்மா."

எடுத்துச் சாப்பிடக் கொடுத்த குச்சி பிடிபடவில்லை. மாரிசெல்வி கையால் எடுத்தாள், வழுக்கியது. "உப்பு பத்தலையே" என்று சொல்லிக்கொண்டே மென்றாள்.

முனியராஜ் தனியாக வந்து நின்றான். சட்டை முழுக்க வேர்வை.

"அம்மா வரலைங்க."

"மேலுக்கு முடியலையா அவுகளுக்கு?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவன் சொல்லவில்லை. "நல்லது கெட்டதுக்கு முன்னால நிக்க ஆம்பளை இல்லாத வீடு, வெடி வேலைக்குப் போறவங்க, நான் வரமாட்டேன்னுட்டாங்க. காலையில இருந்து சண்டை போட்டுப் பாத்துட்டேன்."

ரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். புருஷனைப் பற்றி, வீட்டைப் பற்றி, நகையைப் பற்றி என்னென்ன கேட்பார்களோ என்று பஸ்ஸில் வரும்போதே மாரிசெல்வி பதில்களை யோசித்து வைத்திருந்தாள். கேட்கத்தான் ஆளில்லை. கோபம் வரும் என்று பார்த்தாள், அலுப்புதான் வந்தது. ஒரு கூடையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காந்து சாப்பிடுப்பா. நீயும் காலையில இருந்து ஒண்ணும் தின்னுருக்க மாட்ட."

அவன் தின்று முடித்ததும் மாரிசெல்வி கேட்டாள்.

"உங்க அம்மாகூட எம்புட்டு நாளைக்குச் சண்டை போடுவ?"

"தெரியலைங்க. ஆனா வேற பொண்ணு பாக்க மாட்டேன்."

"நீ என்னட்டி சொல்லுத?"

"நான் காத்திருக்கேன். ஆனா அவுக கால்ல போய் விழச் சொல்லாதீகம்மா. என்னால முடியாது."

"யாரும் யார் காலுலயும் விழ வேண்டாம்" என்றாள் மாரிசெல்வி.

தீபாவளி சீசன் முடிந்து, கார்த்திகையில் சாத்தூர்ப் பக்கம் ஒரு கோவிலில் கல்யாணம் நடந்தது. கடைசிவரை பிடிகொடுக்காத முனியராஜின் அம்மா பத்திரகாளி, தாலி கட்டுகிற நேரத்தில் வந்து ஓரமாக நின்றாள். பந்தியில் உட்காரவில்லை. சாப்பிட்டுப் போகச் சொல்லி மாரிசெல்வி இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பஸ் ஏற்றிவிட அவளே கூடப் போனாள். வெயிலில் அரைமணி நேரம் நின்றார்கள். "பஸ் இப்பிடித்தான் லேட்டா வருமா?" என்று மட்டும் கேட்டாள் பத்திரகாளி.