மக்னம் நீக்கிலாஸ்

தோட்டாக்களைச் சாப்பாட்டு மேசையில் உயர வரிசைப்படி நிமிர்த்தி வைத்த பிறகுதான் நீக்கிலாஸ் தேநீரைத் தொடுவார். சின்னது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம். ஒவ்வொன்றையும் விரல் நுனியால் திருப்பிப் பார்த்துவிட்டு, நகைக்கடைக்காரர் மோதிரத்தை நகர்த்துவதுபோல எதிரே இருப்பவர் பக்கம் ஒன்றை நகர்த்துவார். எதிரே இருப்பவர் பெரும்பாலும் ஜெயரட்ணம். ஒன்ராறியோவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்த காலம்தொட்டு இருவரும் சிநேகிதர்கள். ஆகையால் அந்த மேசையில் வாய் திறந்து மறுத்துப் பேசும் உரிமை ஜெயரட்ணத்துக்கு மட்டும் உண்டு.

"இஞ்சருங்கோ, சாப்பிடுற மேசையில உதுகளை வைக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்று அடுப்படியிலிருந்து மனைவி பேபி சத்தம் போடுவார்.

"அதுகள் பேசாமத்தானே நிக்குதுகள். உம்மட அக்காவை விடத் திறம்," என்பார் நீக்கிலாஸ்.

தொழில் கராஜ் கதவு பொருத்துவது. மல்வேர்ன், ரூஜ் பகுதிகளில் அவர் தோள் கொடுத்துத் தூக்கிவிட்ட கதவுகள் ஏராளம். பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் முதலில் அந்த வீட்டுக் கதவின் சுருள்வில்லை அண்ணாந்து பார்த்து, "உது இந்த மாரிக் குளிருக்குத் தாங்காது," என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்வார். கட்டையான ஆள். வாய் மட்டும் ஆளைவிட நீளம். தேவாலயத்துக்குப் போடும் சப்பாத்தைத்தான் சுடப் போகும்போதும் போடுவார். கேட்டால், "ரெண்டு இடத்திலயும் மரியாதையா நிக்கவேணும்," என்பார்.

வேட்டை விஷயத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். ஒன்ராறியோவில் காட்டுப்பன்றியைச் சுடத் தடை, கண்டால் அறிவிப்பதோடு சரி. அதனால் ஒவ்வோர் இலையுதிர்காலமும் நாலைந்து பேராக மேற்கே சஸ்கச்சுவான் மாகாணத்துக்கு வாகனத்தை விடுவார்கள். அங்கே ஒரு விவசாயியின் வயலைப் பன்றிகள் உழுது தள்ளுகின்றன. சுட்டதைப் பிரித்து, பனிக்கட்டிப் பெட்டிகளில் அடைத்து வந்து, நீக்கிலாஸின் கராஜில் பங்கு போடுவார்கள். எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் ஒவ்வொரு குவியலிலும் சரிசமமாக விழவேண்டும். பன்றி இன்னும் புதருக்குள் மேய்ந்துகொண்டிருக்கும்போதே, "அண்ணை, எங்களுக்கு ஒரு பங்கு," என்று தொலைபேசியில் சொல்லி வைப்பவர்கள் அநேகம். நீக்கிலாஸ் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

"பண்டி எண்டா மான் இல்லை, மச்சான். தோளில சவ்வு தகடு மாதிரி. சின்ன வெடி வைச்சா அது சொறிஞ்சுபோட்டுப் போயிடும்," என்பது அவருடைய வேதம். தொடக்கத்தில் எல்லாரையும்போல 308 தோட்டாதான் பாவித்தார். ஒருமுறை பன்றி தப்பியது. குற்றம் தோட்டாவின் தலையில் விழுந்தது. இலக்கம் சின்னதென்றாலும் மருந்து கூடின முந்நூறு மக்னத்துக்கு மாறினார், பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. ஜெயரட்ணம் 308-ஐ விடவில்லை. சுடும்போது தோளில் உதையாது, இறைச்சியைச் சிதைக்காது, முதல் வெடி பிசகினால் மற்றதைக் கெதியாக வைக்கலாம் என்பது அவருடைய கட்சி. "உது கலியாண வீட்டில வெடிக்கிற சீனவெடி," என்று நீக்கிலாஸ் அதை ஒரே வரியில் முடித்துவிடுவார்.

போன வருடம் மக்னத்துக்கும் ஒரு பன்றி தப்பியது. தப்பியதென்றால் சும்மா இல்லை. பின்னங்கால் உடைந்து, நொண்டி நொண்டிப் புதருக்குள் போய்விட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் புதர் ஓரத்தில்தான் விவசாயியின் பிள்ளைகள் பள்ளி பஸ்ஸுக்கு நிற்பார்கள். காயம்பட்ட பன்றி ஆளைப் பார்த்தால் விடாது. மறுநாள் விவசாயி தானே தேடிப் போய் அதைச் சுட்டு முடித்தான். கோபிக்கவில்லை, கத்தவில்லை. இன்னொரு பன்றி நொண்டிக்கொண்டு போனால் அடுத்த வருடம் வரவேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

"தோட்டாவின்ர பலம் காணாது, மச்சான்," என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் நீக்கிலாஸ். இந்த வருடம் 338. மக்னத்துக்கே அண்ணன். துவக்குக் கடைக்காரனிடம் அந்தத் துப்பாக்கிக்குச் சொல்லி வைத்தாயிற்று, திங்கட்கிழமை போய் எடுப்பதுதான் பாக்கி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஜெயரட்ணத்தின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். நீக்கிலாஸுக்கு ஆடத் தெரியாமல் இல்லை. ஒரு காலத்தில் அவர் குறிவைத்தால் பன்றி இருந்த இடத்திலேயே மடங்கும். இப்போது ஏதோ பிசகு. அது தோட்டாவில் இல்லை என்ற சந்தேகம் ஜெயரட்ணத்தை ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. சொன்னால் சிநேகம் போகும். சொல்லாவிட்டால் வயல் போகும், பிள்ளைகளுக்கு என்னவும் ஆகலாம்.

சனிக்கிழமை நகருக்கு வடக்கே உள்ள சுடுதளத்துக்குப் போனார்கள். பயணத்துக்கு முன் அங்கே ஒரு சோதனை நடப்பது இந்தக் கூட்டத்தின் வழக்கம். ஒருவருடைய துவக்கை மற்றவர் நிரப்பிக் கொடுப்பார். மருந்து போடாத ஒரு போலித் தோட்டாவும் உள்ளே எங்கோ இருக்கும். அது வரும்போது குழல் அசையாமல் நின்றால் ஆள் வெடிக்குப் பயப்படவில்லை என்று அர்த்தம். இந்த வழக்கத்தைக் கொண்டு வந்தவரே நீக்கிலாஸ்தான். அவரை மட்டும் ஒருவரும் சோதித்ததில்லை.

"இண்டைக்கு உனக்கும் நான்தான் நிரப்புவன்," என்றார் ஜெயரட்ணம்.

"எனக்கோ? கண்டறியாத சோதினை," என்று சிரித்தார் நீக்கிலாஸ். "சரி, நிரப்பு, நிரப்பு. உன்ர ஆசையை ஏன் கெடுப்பான்."

மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு சுடும் மேசையின் முன் குந்தினார். முதல் வெடி சுடுதளத்தையே அதிர வைத்தது. இலக்கின் விளிம்பில் துளை. "காத்து," என்றார். இரண்டாவதுக்கு விசையை அழுத்தினார். வெடிக்கவில்லை. குழலின் நுனி மட்டும் ஒரு சாண் கீழே குத்தி நின்றது. கண்கள் இறுக மூடியிருந்தன, தோள் முன்னுக்குப் பாய்ந்திருந்தது, முகம் அடி வாங்கப் போகிற பிள்ளையின் முகம்போலச் சுருங்கியிருந்தது. பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரன் பார்த்துவிட்டு மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பினான்.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக்கூடாது. குழலை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு சற்று நேரம் காத்திருக்கவேண்டும். நீக்கிலாஸ் முறைப்படி காத்திருந்தார். அந்த நேரம் முழுக்க, தன் குழல் எங்கே பார்க்கிறது என்று அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயரட்ணத்துக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பிறகு நீக்கிலாஸ் துவக்கைத் திறந்தார், போலித் தோட்டா மேசையில் உருண்டது. இருவரும் காதுமூடிகளைக் கழற்றினார்கள்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"போன வருசமே சந்தேகம். சொல்ல வாய் வரேல்லை."

"மூதேவி."

"ஓம். ஆனா கேள். உனக்குத் தோட்டா காணாமல் இல்லை, மச்சான். கூடிப்போச்சு. உன்ர தோள் அதுக்குப் பயப்பிடுது. அந்தப் பண்டி நொண்டினது அதாலதான்."

இனி இந்த மனிதர் எழும்பிக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார், தான் யாரிடமாவது இடம் கேட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஜெயரட்ணம் தயாராக நின்றார். நீக்கிலாஸ் எழும்பத்தான் செய்தார். மக்னத்தை, தோட்டா அறை திறந்தபடியே, ஒரு பக்கம் வைத்தார்.

"338 வேண்டாம் எண்டு கடைக்காரனுக்கு நானே சொல்லுறன்," என்றார். "ஒண்டு சொல்லிப்போட்டன். உன்ர துவக்கால அடிச்சாலும் பண்டி என்ர கணக்குத்தான்."

சொல்லிக்கொண்டே ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துவிட்டு, சட்டைக்குள் கைவிட்டு, வலத் தோளிலிருந்து எதையோ உருவினார். நாலாக மடித்து, மூலைகளைப் பேபி நீலநூலால் தைத்துக் கொடுத்த தடித்த குளியல் துவாய். அதால் முகத்தை நன்றாகத் துடைத்து மேசையில் போட்டார். பிறகு ஜெயரட்ணத்தின் துவக்குக்காகக் கையை நீட்டினார்.